பாதிச் செயின்

மோட்டார் சைக்கிள் செயினை எப்போது மாற்றுவது என்பதை அந்தச் செயினே சொல்லிவிடும். பின்சக்கரத்துப் பல்லின் மேல் அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் இருந்தால் ஓட்டலாம். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் கழற்றி எறிய வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், பஞ்சாங்கம் வேண்டாம், பெரிய மனிதர்களின் சம்மதமும் வேண்டாம். ஆனால் எங்கள் ஊரில் செயினிடம் யார் கேட்கிறார்கள்? முதலாளியிடம்தான் கேட்பார்கள்.

என் பெயர் சாமுவேல். காஞ்சிபுரத்தில் ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு வண்டி ரிப்பேர் பார்க்கிறேன். எட்டு வருஷம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு, சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் வெளியே வந்தவன். எனக்குக் கோபம் அதிகம் என்று என் பெண்சாதி சொல்வாள். இருக்கட்டும். கோபப்பட வேண்டிய ஓர் இடத்தில் நான் கோபத்தை விழுங்கிவிட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம் துரைக்கண்ணு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தாமல்காரன். ஏரியில் தண்ணீர் இல்லாத ஒரு வருஷம் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, பட்டு முதலாளி சீனிவாசனிடம் வேலைக்குச் சேர்ந்தவன். பிள்ளையார்பாளையத்தில் முதலாளி வீட்டிலிருந்து பட்டு நூலை மூட்டை கட்டிக்கொண்டு தாமல், திருப்புட்குழிப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த புடவைகளை வாங்கி வருவது அவன் வேலை. வண்டி முதலாளியுடையது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த கிழட்டு வண்டி. ஆனால் இஞ்சின் இரும்புத் துண்டு மாதிரி உறுதியாக இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்றான். "பின்னால யாரோ சுத்தியால தட்டுற மாரி சத்தம் வந்துக்கினே இருக்குது."

குனிந்து செயினைப் பிடித்து இழுத்தேன். பாதிப் பல் இல்லை, முழுப் பல்லே தெரிந்தது. சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்குகிற போல்ட்டும் கடைசி மரை வரைக்கும் வந்து நின்றிருந்தது. இனி இறுக்க இடம் இல்லை. ஆறு வருஷமாக அந்தச் செயின் ஓடியிருக்கிறது. அதற்கு வாய் இருந்தால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடச் சொல்லியிருக்கும்.

"இத்தோட நீ ரோட்டுக்குப் போவாதே" என்றேன். "பெங்களூர் ரோட்டுல லாரிக்கு நடுவுல அறுந்துதுன்னா செயின் சக்கரத்துல சுத்திக்கும். சக்கரம் பூட்டினாப்புல நின்னுடும். நீ எங்க போய் விழுவேன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மொதலாளி கிட்ட போய்ச் சொல்லு."

அவன் போய்ச் சொன்னான். மறுநாள் காலையில் திரும்பி வந்தான். "ஆயுத பூஜைக்குப் பாத்துக்கலாம்னாரு. புதுச் செயின் மெட்ராஸ்லருந்து வாங்கியாந்து வச்சிருக்குதாம். பூஜை ரூம்ல இருக்குதாம்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செயின் இல்லை, மெட்ராஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறது என்றால் புரிந்துகொள்வேன். செயின் வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, ஒரு மனுஷனை இந்த வண்டியில் ரோட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்? கையைத் துடைத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

முதலாளி வீட்டு முன்கூடத்தில் நாலு தறி. என்னை உள்ளே கூப்பிடவில்லை; அது எனக்குப் புதிதும் இல்லை. வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசினேன். ஓரத் தறியில் ஜெயம்மாள் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு முடிகிற நேரத்தில், அதன் கடைசி நுனியைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதன் இழையோடு சேர்த்து விரலால் முறுக்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலையில் பிள்ளையார்பாளையத்திலேயே ஜெயம்மாளுக்குத்தான் முதல் பெயர். அவள் பிணைத்த இழை அறுந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

முதலாளி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், சாவு என்றால் வந்து நிற்பார். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"அவ்ளோ அவசரம்னா இப்பவே பண்ணிடு சாமுவேலு" என்றார். "ஆனா பழசை முழுசாக் கழட்டாதே. தறியில நாங்க இன்னா பண்றோம் பாத்தியா? பழைய பாவை அறுத்துத் தூக்கிப் போட்டுட்டா புதுசை ஏத்துறோம்? பழசோட புதுசைப் பிணைக்கிறோம். தறி வெறுமையா நிக்கக் கூடாது. எங்கப்பா காலத்துலருந்து இந்த வீட்டுத் தறி ஒரு நாள்கூட வெறுமையா நின்னது கெடையாது."

"தறி வேற, வண்டி வேற மொதலாளி."

"ரெண்டும் ஓடுறதுதானே? புதுச் செயினைப் பாதியா வெட்டு. பழசுல தேஞ்ச பாதியைக் கழட்டிட்டு, நல்லா இருக்கிற பாதியோட இத்தப் பிணைச்சுடு. மீதிப் பாதி பூஜையில இருக்கட்டும். அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தை மாத்திக்கலாம். சக்கரம் வெறுமையாவே இருக்காது."

ராணுவத்தில் குடிகார மேஜரையும் பார்த்திருக்கிறேன், அவன்கூட இப்படி ஒரு உத்தரவு போட்டதில்லை.

"செயின்ல தேஞ்ச பாதி, நல்ல பாதின்னு கெடையாது மொதலாளி. எல்லாக் கண்ணியும் ஒண்ணாத்தான் சுத்துது, ஒண்ணாத்தான் தேயுது. பழைய கண்ணி நீண்டுபோயிருக்குது. புதுக் கண்ணி அளவா இருக்கும். ரெண்டும் ஒரே பல்லுல ஒழுங்கா உக்காராது. ஏறி ஏறி எறங்கும். இழுப்பு மாறி மாறி விழும். பழைய கண்ணி ஒரு நாள் விட்டுடும்."

"பிணைக்கிறவன் ஒழுங்காப் பிணைச்சா எதுவும் விடாது" என்றார் முதலாளி. "உன்னால முடியாதுன்னா சொல்லு. சின்ன காஞ்சிபுரத்துல ஒரு கொல்லன் இருக்கிறான். நெருப்புல காட்டி ஒட்டிக் குடுத்துடுவான்."

ஜெயம்மாளின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. தலையை மட்டும் நிமிர்த்தி ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று திரும்பிவிட்டேன். அங்கேதான் என் தப்பு ஆரம்பம். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் துரைக்கண்ணு அந்தப் புதுச் செயினைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். குங்குமம் கண்ணிக்குள்ளெல்லாம் இறங்கி எண்ணெயோடு சேறாகியிருந்தது. "பிணைச்சுக் குடுத்துடுண்ணே" என்றான். "ரெண்டு நாளா நான் போவல. தாமல்ல நூல் இல்லாம தறிங்க நின்னுக்கினு இருக்குது. வேற ஆளப் பாத்துக்கறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. வூட்ல கிருஷ்ணவேணி வேற இப்பதான் ரெண்டு எருமை வாங்கலாம்னு கெடக்கறா. நீ போட்டா நல்லா இருக்கும்ணே. கொல்லன் போட்டா எனக்கு பயமா இருக்குது."

அவனுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி என் திமிர். கொல்லன் நெருப்பில் காட்டி ஒட்டுவானாம், அதை நான் பார்த்துக்கொண்டிருப்பதா? என் கையால் ரிவிட் அடித்தால் அந்த இடம் யுகத்துக்கும் விடாது என்று ஒரு எண்ணம். வெட்டினேன். பிணைத்தேன். இரண்டு இணைப்பிலும் கண்ணிகளைக் கோக்கிற ஊசியின் தலையைத் தட்டி, அரத்தால் இழைத்து, விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாதபடி செய்தேன். அவ்வளவு அழகாக ஒரு மடத்தனத்தை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. புதுப் பாதி பல்லின் மேல் வரும்போது அமைதியாக இருக்கும். பழைய பாதி வரும்போது கடகடவென்று ஏறி இறங்கும். அமைதி, கடகட, அமைதி, கடகட. கேட்கிற காது உள்ளவனுக்கு அது தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

"இருபது மைல் வேகத்துக்கு மேல ஓட்டாதே. சனிக்கெழமை சனிக்கெழமை எங்கிட்ட காட்டிட்டுப் போ" என்று அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைப்பது எவ்வளவு வசதி. அவனும் நாலு சனிக்கிழமை வந்தான். நாலு தரமும் எண்ணெய் போட்டு அனுப்பினேன்.

ஆயுத பூஜை அன்று வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முதலாளி வீட்டில் பிரமாதமாகப் பூஜை நடந்தது. மீதிப் பாதிச் செயினுக்கும் பொட்டு வைத்தார்களாம். அடுத்த செவ்வாய்க்கிழமை, திருப்புட்குழி தாண்டிப் பெங்களூர் ரோட்டில், முதுகில் புடவை மூட்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்த துரைக்கண்ணுவின் வண்டியில் செயின் அறுந்தது. நான் அவனுக்குச் சொன்ன மாதிரியேதான் நடந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, அவன் பாதத்தைக் கீழே வைத்து இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் துரைக்கண்ணு உயிர் பிழைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவன் இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். பாதிச் செயினுக்குப் பாதிப் பாதம். அன்றைக்கு நான் போனபோது மருந்து மயக்கத்தில் கிடந்தான். அவன் மனைவி கிருஷ்ணவேணி தாமலிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாம் நாள் தறிகளுக்கு லீவு. காலையிலேயே முதலாளி என் கொட்டகைக்கு வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு முனுசாமி என்ற புது ஆள். பின்னால் ஜெயம்மாள், கூட அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலைந்து பேர். அறுந்த செயினை எடுத்து என் மேஜை மேல் போட்டார்.

"உன் பிணைப்பு விட்டுப்போச்சு சாமுவேலு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பொறுப்பில்லாம பண்ணிட்டே. என் ஆளு கால் போச்சு. பிணைக்கறதுன்னா இன்னான்னு தெரிஞ்சவ வந்திருக்கறா, அவளே பாத்துச் சொல்லட்டும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பக்கத்தில் ஸ்பேனர் இருந்தது. நல்ல வேளை, அதை எடுக்கவில்லை. ஜெயம்மாள் அதற்குள் செயினைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவளுக்குச் செயினைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. பாவின் இழையைத் தடவுகிற மாதிரி கண்ணி கண்ணியாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்க பிணைச்சிருக்குது" என்றாள். சரியாகச் சொன்னாள். இன்னும் போனாள். "இங்க ஒண்ணு." அதையும் சரியாகச் சொன்னாள். பிறகு அறுந்த முனைக்கு வந்தாள்.

"பிணைச்ச எடம் ரெண்டும் கெட்டியா இருக்குது மொதலாளி. விட்டது அது இல்ல. பழைய கண்ணிதான் அறுந்திருக்குது."

"ஒழுங்காப் பிணைச்சிருந்தா பழைய கண்ணி ஏன் அறுவுது?" என்றார் முதலாளி. "இவ்ளோ நாளா நீ பழசோட புதுசு பிணைக்கிறியே, என்னிக்காவது விட்டிருக்குதா?"

ஜெயம்மாள் செயினைக் கீழே வைத்தாள்.

"நான் பிணைக்கிறது பழசு இல்ல மொதலாளி. பழைய பாவுன்னு நாம பேருக்குத்தான் சொல்றோம். தறியில மிச்சம் நிக்கிற நுனி இன்னும் நெய்யாத நூலு. அதுவும் புதுசுதான். புதுசோட புதுசைத்தான் நான் பிணைக்கிறேன். நெய்ஞ்சு முடிச்ச சேலையோட யாருனா பாவைப் பிணைப்பாங்களா?" அவள் செயினைக் காட்டினாள். "இது ஆறு வருஷம் நெய்ஞ்சது."

நான் அன்றைக்கு வாசற்படியில் நின்று கண்ணி, பல், இழுப்பு என்று கத்தியதெல்லாம் எதற்கு? அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே பதில் இருந்திருக்கிறது. அது அவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தது.

"ஏன்கா, அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எங்கிட்ட யாரு கேட்டாங்க?" என்றாள் ஜெயம்மாள்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, நீ வூட்டுக்குப் போம்மா" என்று அவளிடம் சொன்னார். பிறகு மடியிலிருந்து மீதிப் பாதிச் செயினை எடுத்து என்னிடம் நீட்டினார். பொட்டு கலையாமல் இருந்தது. "பழசை எடுத்துட்டு இத்த அந்தப் புதுப் பாதியோட சேத்துடு. முழுசும் புதுசாப் போயிடும். நாளைக்குக் காத்தால முனுசாமி வாலாஜாபாத் போவணும்."

அதாவது முதல் நாள் நான் கெஞ்சியது. ஒரு பாதத்தில் பாதி போன பிறகு, ஏதோ தானே கண்டுபிடித்த யோசனை மாதிரி.

விழுங்கி வைத்திருந்த கோபமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "வேற செயினு வாங்கியாந்தாத்தான் போடுவேன்" என்றேன். "இந்தப் பாதி பழசோட ஓடிக் கெட்டுப்போச்சு. முன்பல்லு, பின்பல்லு ரெண்டும் தேஞ்சு கொக்கியாப் போயிருக்குது, அதையும் மாத்தணும். அது வர்ற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்."

"வண்டி யாரோடதுன்னு நெனச்சுக்கினு பேசறே?"

"வண்டி உங்களுதுதான். காலு உங்களுது இல்ல."

முதலாளியின் முகம் கறுத்தது. "முனுசாமி, வண்டியை எடு. கொல்லன்கிட்ட போலாம்" என்றார். முனுசாமி என் மேஜை மேல் கிடந்த அறுந்த செயினைப் பார்த்தான். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். "நான் பஸ்ஸுலயே போய்ட்டு வந்துடறேன் மொதலாளி" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வண்டி என் கொட்டகையிலேயே நின்றது.

அன்றைக்கு எனக்கு ஊரில் நல்ல பெயர். சாமுவேல் பிணைச்ச இடம் விடவில்லை, முதலாளியை எதிர்த்து நின்றான் என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சை நம்பிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணைப்பு இருந்த துண்டைத் தனியாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவனிடம் காட்ட வேண்டுமாம்.

துரைக்கண்ணு கண் விழித்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். செயின் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் தடவிப் பார்த்தான்.

"உன் பிணைப்பு விடலியா?"

"விடலபா. ஜெயம்மாக்காவே சொல்லிட்டாங்க. பழைய கண்ணிதான் அறுந்துது. அது அறுவும்னு நான் மொதல் நாளே மொதலாளி கிட்ட சொன்னேன்."

கிருஷ்ணவேணி தலையை நிமிர்த்தினாள். "அறுந்துடும்னு உனக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. அவருதான் கேக்கல."

"தெரிஞ்சேதான் போட்டுக் குடுத்தியா?"

"அண்ணன் மேல இன்னாடி தப்பு" என்றான் துரைக்கண்ணு. "நான்தான் போய்ப் போடச் சொல்லிக் கேட்டேன்."

"நீ ஓட்டறவன். உனக்கு இன்னா தெரியும்?" அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதலாளிக்கும் தெரியாது. இந்த அண்ணனுக்குத் தெரியுமில்ல."

எனக்கு முதலாளி மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சாகிற வரைக்கும் ஆறாது. ஆனால் அவள் கேட்டதற்கு அந்தக் கோபத்தில் பதில் இல்லை. துரைக்கண்ணுவின் கையிலிருந்து செயின் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றேன். "எனக்குத் தெரியும்."